இரண்டாவது பை

மட்டாஞ்சேரி
6 ஜூலை 2025

பிரசாத்,

போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரி இருந்துவிடுகிறாய். அதனால் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டு ரெஜிஸ்டர் தபாலில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாதில்லையா? பதிலும் தபாலிலேயே வரட்டும். உன் தமிழ் எப்படி இருந்தாலும் சரி, உனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த அக்கா நான்தான், படித்துக்கொள்வேன்.

விஷயம் இது. ஜூலை 30 புதன் மத்தியானம் முதல் ஆகஸ்ட் 3 ஞாயிறு காலை வரை நான் ஊரில் இருக்க மாட்டேன். மகாபலிபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்று, நீச்சல் குளம் உண்டு. என் சிநேகிதியின் மகளுக்கு அங்கே ரிசப்ஷனில் வேலை. ஊழியர்களின் வீட்டாருக்கு வருஷத்தில் ஒரு தடவை மூன்று நாள் தங்க இடம் கொடுப்பார்களாம். அந்த நாட்களில் நீ இங்கே வந்து அப்பாவோடு இருக்க வேண்டும்.

அப்பா விழுந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கப்புறம் நான் தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டியதெல்லாம் அநேகமாக ஆஸ்பத்திரிக்குத்தான். இப்போது மழை வேறு. துணி காய்வதே இல்லை. அப்பாவின் படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டுத்தான் காயவைக்கிறேன், வீடு முழுக்க ஈரவாடை. எனக்கு வெயில் வேண்டும், பிரசாத். ஒரு துண்டை விரித்துப் போட்டால் அரைமணியில் அது மொடமொடவென்று காய வேண்டும். பக்கத்தில் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

பை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். குளத்தில் பருத்திச் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்களாம். எறணாகுளம் பிராட்வேயில் கையும் காலும் முழுக்க மூடுகிற நீச்சல் உடுப்பு ஒன்று வாங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டார். அப்படியே ஓடினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆராக்கும் இது?" என்றார். முதலில் சிரித்தேன். அப்புறம் அடுக்களைக்குப் போய் அழுதேன். நாற்பத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் அழுகை வருகிறது.

வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

சுபாஷிணி

*

காக்கநாடு
11 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

டைப் செய்து பிரிண்ட் எடுத்திருக்கிறேன். பேனா பிடித்தால் கை மலையாளத்துக்குத்தான் போகிறது, க்ஷமிக்கணும்.

உனக்கு ரெஸ்ட் வேண்டும் என்பதில் எனக்கோ அம்ருதாவுக்கோ இரண்டாமது ஒரு அபிப்பிராயம் இல்லை. சத்தியமாக. ஆனால் ஜூலை கடைசி எங்கள் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் சமயம். கர்க்கடக மாசத்தில், இந்தப் பெருமழையில், யாராவது யாத்திரை கிளம்புவார்களா? ஓணம் கழிந்து வைத்துக்கொண்டால் நான் நிச்சயம் லீவு போடுவேன். இல்லாவிட்டால் ஒரு ஹோம் நர்ஸைப் பார்க்கலாமே?

அம்ருதா ஒரு யோசனை சொன்னாள். எங்கள் ஃப்ளாட்டிலேயே பதினெட்டாவது மாடியில் ஸ்விம்மிங் பூல் இருக்கிறது. அவ்வளவு தூரம் ரயிலில் அலைவதற்கு நீ இங்கே வந்து ஒருநாள் குளித்துவிட்டுப் போகலாம். சாயந்திரத்துக்குள் வீட்டுக்கும் திரும்பிவிடலாம். அப்பாவுக்கும் பிரச்சினை இல்லை.

சிநேகிதி என்று எழுதியிருக்கிறாயே, யார்? நமக்குத் தெரிந்தவர்களா?

உன் தம்பி
பிரசாத்

*

மட்டாஞ்சேரி
15 ஜூலை 2025

பிரசாத்,

நீ அந்த ஃப்ளாட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அங்கே குளம் இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு வேறு இடம் கிடைத்தவுடன் உன் வீட்டுக் குளத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

ஹோம் நர்ஸ் இரண்டு பேர் வந்து போனதை மறந்துவிட்டாயா? ஒருத்தி ஆறு நாள், இன்னொருத்தி இரண்டு நாள். மடி ஆசாரம் இல்லாதவள் கையால் சாப்பிட மாட்டேன் என்று அப்பா வாயை இறுக்க மூடிக்கொண்டார். மகன் கையால் என்றால் சாப்பிடுவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ஊட்டும்போதும் "பிரசாத் வந்தானோ?" என்றுதான் கேட்கிறார்.

சிநேகிதி அம்பிளி. கார்ப்பரேஷன் ஹெல்த் செக்ஷனில் இருக்கிறவள். அப்பா பாத்ரூமில் விழுந்த அன்று காலை உனக்கு எட்டுத் தடவை கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். உள்ளே வந்தவள் தெருவில் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்த அம்பிளிதான். "அக்கா, நீங்க காலைப் பிடிங்க, தோளை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லித் தூக்கினாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால்தான் அப்பாவுக்குத் தலைக்குக் குளியல். அவள் ஊட்டினால் அப்பா சாப்பிட மாட்டார். தூக்கினால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

ஓணம் கழிந்து என்கிறாய். போன வருஷம் விஷு கழிந்து என்றாய். அதற்கு முன்னால் உன் ஆன்சைட் கழிந்து. நான் ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன்.

அப்பாவுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். தண்ணீரை அப்படியே கொடுக்கக் கூடாது, புரையேறும். பொடி கலந்து கெட்டியாக்கி ஸ்பூனில் கொடுக்க வேண்டும். இது உனக்குத் தெரியுமா? தெரியாது. மூன்று வருஷமாக அவர் இப்படித்தான் தண்ணீர் குடிக்கிறார்.

சுபாஷிணி

*

காக்கநாடு
19 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அம்ருதாவிடம் காட்டவில்லை. அவளுக்கு விஷமமாகும், வருத்தப்படுவாள்.

ஒரு முக்கியமான காரியம். வெங்கடேஸ்வர வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மாவின் திவசம் இந்த வருஷம் ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. ஆடி வளர்பிறை நவமி அன்றைக்குத்தான் வருகிறது. அன்று நீ நீச்சல் குளத்தில் இருப்பாய். இதை நீ எப்படிக் கவனிக்காமல் போனாய் என்று எனக்குப் புரியவில்லை. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மடியாகச் சமைக்க வீட்டில் ஆள் வேண்டாமா? அம்ருதாவுக்கு அந்த முறையெல்லாம் தெரியாது.

அம்பிளி விஷயம். எனக்கு அப்படிப்பட்ட சிந்தையெல்லாம் கிடையாது, உனக்கே தெரியும். நல்ல மனசுள்ளவள், நன்றி இருக்க வேண்டும்தான். ஆனால் ஒரே அறையில் மூன்று நாள் தங்கி, ஒரே குளத்தில் குளித்துவிட்டு வந்து, மறுநாள் அப்பாவுக்குச் சமைப்பாயா? அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நான் அப்பாவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

டிக்கெட் கேன்சல் செய்ய இன்னும் சமயம் இருக்கிறது.

பிரசாத்

*

மட்டாஞ்சேரி
22 ஜூலை 2025

பிரசாத்,

உன் கடிதம் வந்ததும் பைக்குள் இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் கொட்டினேன். அம்மா திவசத்தன்று குளிக்கப் போகிறாயே, பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒருநாள் முழுக்க அது கட்டிலிலேயே கிடந்தது.

அப்புறம்தான் தலை வேலை செய்தது. நம் வீட்டில் திவசம் திதி பார்த்துத்தான். அம்மா போன முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தாய். அப்புறம் என்ன சொன்னாய்? "இங்கெல்லாம் எல்லாரும் நட்சத்திரம்தான் பாக்கறா அக்கா, மலையாளக் கலண்டரில் சட்டென்று கிடைக்கும், பஞ்சாங்கத்தையெல்லாம் ஆர் நோக்கறது?" அன்றிலிருந்து நாலு வருஷமாக அனுஷ நட்சத்திரம் பார்த்து, ஆலுவா ஆற்றங்கரை மணப்புறத்தில் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, அங்கிருந்தே ஆபீசுக்குப் போகிறாய். இந்த வருஷம் அனுஷம் ஆகஸ்ட் 3, ஞாயிறு. அடுக்களையில் உன் கலண்டரைப் பார்த்து, அந்த நாளை விட்டுவிட்டுத்தான் நான் தேதி குறித்தேன். சனிக்கிழமை ரயிலேறினால் ஞாயிறு காலையில் வந்து குளித்துச் சமைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீ எப்போது மறுபடியும் திதிக்கு மாறினாய்? என் கடிதம் கிடைத்த அன்றா?

திவசச் சமையல் மருமகள் செய்ய வேண்டியது. கல்யாணமாகாத நாத்தனார் செய்ய வேண்டும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. ஆறு வருஷம் நான் செய்தேன், அம்மாவுக்காக. முறை தெரியாதென்றால் எழுதித் தருகிறேன். வாழைக்காய், புடலங்காய், பயறு, எள்ளுருண்டை. படித்தவள்தானே, வாசித்துக்கொள்ளட்டும்.

அம்பிளியோடு ஒரே குளத்தில் குளித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. நன்றி இருக்க வேண்டும் என்று சொன்னாயே, அவள் வீடு எங்கே என்று உனக்குத் தெரியுமா? நம் வீட்டில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. நானும் உட்காரச் சொன்னதில்லை. அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது. உனக்கு அதுவும் இல்லை.

பையை மறுபடியும் அடுக்கியாகிவிட்டது. 28ஆம் தேதிக்குள் பதில் வேண்டும்.

சுபாஷிணி

*

காக்கநாடு
28 ஜூலை 2025

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன். 31ஆம் தேதி எனக்கு ஹைதராபாத் போக வேண்டியிருக்கிறது. இது என் கையில் இல்லை. அப்பாவின் போனில் கூப்பிட்டுப் பேசினேன். "சுபா எங்கேயும் போகலைடா, என்னை விட்டுட்டு அவ எங்க போவா?" என்றார். அவருக்கு உன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பார். அதை உடைக்காதே.

செப்டம்பரில் கண்டிப்பாகப் பார்க்கலாம். இந்த முறை வாக்கு.

பிரசாத்

*

மட்டாஞ்சேரி
30 ஜூலை 2025

பிரசாத்,

இந்தக் கடிதம் அப்பாவின் பையில், மேல் ஜிப்பில் இருக்கிறது. இதை நீ வாசிக்கும்போது அப்பா உன் வீட்டு ஹாலில் இருப்பார். ஹைதராபாத்துக்கு நாளைக்குத்தானே போகிறாய்? இன்று வீட்டிலிருந்து வேலை என்று உன் ஃப்ளாட் செக்யூரிட்டி சொன்னான். அம்ருதாவும் இருக்கிறாளாம்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர், நல்லவர்கள். வல்லார்பாடம் கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொள்ளும் என்று பதினொரு மணிக்கே கிளப்பிவிட்டேன். உங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இருப்பது நல்லதாகப் போயிற்று.

என் பையை எடுத்து வைக்க மூன்று வாரம் ஆயிற்று. அப்பாவின் பைக்கு ஒன்றரை மணி நேரம். எல்லாம் கைக்குத் தெரியும். வேட்டி எட்டு. துண்டு ஆறு. டயபர் இரண்டு கட்டு. ரப்பர் ஷீட். தண்ணீரில் கலக்கும் பொடி. மாத்திரைகள் காலை, மத்தியானம், ராத்திரி என்று தனித்தனி டப்பாவில். சவரப் பெட்டி, இடது கன்னத்தில் மெதுவாக. விபூதி மடல். காதுக்கு மெஷின், பாட்டரி மாற்றியிருக்கிறேன். ஆதார் அட்டை, டாக்டர் சீட்டு. நோட்டில் மீதி எல்லாம் இருக்கிறது. திவசச் சமையல் கடைசிப் பக்கத்தில்.

வண்டியில் ஏற்றும்போது அப்பாவிடம் சொன்னேன்: "மூணு நாள் பிரசாத் ஆத்துல இருங்கோ." முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வண்டிக் கதவைச் சாத்தும்போது மட்டும், "நீ திரும்பி வருவியோடீ?" என்றார். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னேன். அது சத்தியம்.

என் போனை அணைத்து வைக்கப்போகிறேன். அவசரமானால் ஹோட்டல் ரிசப்ஷனில் அம்பிளியின் மகளைக் கூப்பிடு, நம்பர் நோட்டின் முதல் பக்கத்தில்.

சுபாஷிணி

*

மகாபலிபுரம்
1 ஆகஸ்ட் 2025

பிரசாத்,

ஹோட்டல் மேஜையில் காகிதமும் உறையும் வைத்திருக்கிறார்கள். யாரும் எழுதுவதில்லை போலிருக்கிறது, நான் எழுதுகிறேன்.

வந்த அன்று குளத்தில் இறங்கவில்லை. கரையில் நாற்காலியில் உட்கார்ந்து பத்து மணி மாத்திரை, பதினொரு மணி கஞ்சி, ஒரு மணிக்குப் புரட்டிப் படுக்கவைப்பது என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன். அம்பிளி கோபித்துக்கொண்டாள். "அக்கா, இதுக்கா நீங்க இவ்ளோ சண்டை போட்டீங்க? மட்டாஞ்சேரியிலேயே உக்காந்திருக்கலாமே!" இன்று காலையில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்துவரை நின்றேன், அவ்வளவுதான். ஆனால் அரைமணி நேரம் நான் யாரையும் நினைக்கவில்லை. அப்பாவைக்கூட. அது தெரிந்தபோது முதலில் பயமாக இருந்தது, அப்புறம் சந்தோஷமாக இருந்தது.

நான் எழுதியதில் பாதி கடுமைதான். நீ ஹைதராபாத் போகாமல் இருந்துவிட்டாய் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் ரிசப்ஷனுக்குப் போன் வந்திருக்குமே. நாளைக்கு அம்மாவை நினைத்துக்கொண்டு நானும் ஒருவேளை சாப்பிடாமல் இருக்கிறேன். அம்ருதாவுக்கு எள்ளுருண்டை உடைந்து போனால் பரவாயில்லை என்று சொல். எனக்கும் முதல் வருஷம் உடைந்துதான் போயிற்று.

உன் சிறு வயதில் இப்படி எழுதுவேன், ஞாபகம் இருக்கிறதா? அன்புள்ள குட்டித் தம்பி பிரசாத்துக்கு.

அக்கா

*

காக்கநாடு
1 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீ ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் பார்க்கும்படி இதை ஆள் மூலம் கதவிடுக்கில் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ செய்தது மரியாதை இல்லை. அதைப் பற்றி இப்போது பேசவில்லை. ஒரு ராத்திரி முயற்சி செய்தோம். அப்பா இரண்டு தடவை படுக்கையை நனைத்தார். அம்ருதா அழுதுவிட்டாள். எனக்கு ஃப்ளைட், ஒருநாள்தான் தள்ளிப்போட முடிந்தது. அதனால் வியாழன் காலை இடக்கொச்சியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். நல்ல இடம், காயலைப் பார்க்கலாம். நீ எழுதி வைத்த நோட்டும் எடுத்து வைத்த பையும் மிகவும் உபகாரமாக இருந்தன. இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவந்து சேர்த்ததில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

நேரே அங்கே போய்க் கூட்டிக்கொள். நான் ஞாயிறு மத்தியானம் ஊரில் இருப்பேன்.

பிரசாத்

*

மட்டாஞ்சேரி
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு மத்தியானம்

பிரசாத்,

இன்று தபால் இல்லை. அம்பிளி கொண்டுவந்து உன் கையில் கொடுப்பாள்.

பையைக்கூடப் பிரிக்காமல் இடக்கொச்சிக்குப் போனேன். அப்பா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். காதில் மெஷின் இல்லை, அது பைக்குள்ளேயே இருந்தது. மூன்று நாள் தாடி. வெறும் தண்ணீரைக் கொடுத்துப் புரையேறி இருமிக்கொண்டிருந்தார். என் நோட்டு ஆபீஸ் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

மெஷினை மாட்டிவிட்டேன். என்னைப் பார்த்து முதலில் சொன்னது இது: "என்னை இங்க கொண்டு தள்ளிட்டு நீ குளிக்கப் போனியாடீ? பிரசாத் சொன்னான்." அப்புறம், "பாவம், அவன் ஓடி வந்து பாத்துட்டுப் போனான்" என்றார். சவரம் செய்துவிட்டேன். பொடி கலந்து தண்ணீர் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

நேற்று திவசம் செய்தாயா என்று வாத்தியாரைக் கேட்டேன். நீ கூப்பிடவே இல்லையாம். திதியும் போயிற்று, இன்று நட்சத்திரமும் போகிறது. எதற்காக என்னிடம் அம்மாவை இழுத்தாய்? எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் இது மட்டும் ஆறவே ஆறாது.

கூட்டிக்கொண்டு போவதற்காக ரிஜிஸ்டரை எடுத்தார்கள். உன் உருண்டை மலையாள எழுத்து. சேர்ப்பவர், சுபாஷிணி, மகள். காரணம், மகள் உல்லாசப் பயணம். கீழே என் பெயரில் ஒரு கையெழுத்து. அதை நீ நன்றாகவே போட்டிருக்கிறாய். உன் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அதை அடித்துவிடலாமா என்று மேட்ரன் கேட்டாள். வேண்டாம் என்றேன். போனது நான்தான், குளித்ததும் நான்தான். மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சத்தியத்தை இன்று மீறினேன். அதற்கான பாவம் என்னைச் சேரட்டும்.

அப்பாவிடம், சாயந்திரம் பிரசாத் வந்து கூட்டிப் போவான் என்று சொன்னேன். "வருவானோ?" என்று கேட்டார். சட்டையை மாற்றிவிடச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னலைப் பார்க்க மாட்டேன் என்று வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரிஜிஸ்டரில் அழைத்துச் செல்பவர் என்ற இடத்தில் உன் முழுப் பெயரை எழுதினேன், உன் போன் நம்பரையும். உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினேன். ஆறு மணிக்குமேல் அங்கே யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

சுபாஷிணி